அமானிதம் காத்த அமீர்

மனிதர்கள் பல சமூகத்தவராகவும் பல கோத்திரத்தவராகவும் படைக்கப்பட்டிருப்பது அல்லாஹுத்தஆலாவின் நாட்டம். ஒரே ஊரில் பள்ளிவாசலும் மாதா கோயிலும் யூதர்களின் தொழுமிடமும் இருப்பதும், ஒரே கடைத்தெருவில் பல சமயத்தார் கொடுக்கல் வாங்கல் செய்வதும் இஸ்லாமிய சரித்திரத்தில் புதிதல்ல. பக்தாதும் குர்துபாவும் கெய்ரோவும் டமாஸ்கஸும் பல நூற்றாண்டுகள் அப்படித்தான் வாழ்ந்தன. ஆனால் அப்படிப்பட்ட ஊர் ஒரே பகலில் தீப்பற்றி எரிவதும் உண்டு. நேற்று வரை நலம் விசாரித்த அண்டை வீட்டுக்காரன் இன்று கோடரியோடு வாசலில் நிற்பதும் உண்டு.

இது எதனால் நேருகிறது? பல சமூகத்தார் வாழும் நாடு நிலைத்து நிற்க எது வேண்டும்? படையா? பெரும்பான்மையினரின் தயவா? எழுதி வைத்த சட்டமா? இக்கேள்விகளுக்கு விடையாக அமைந்த ஒரு வாழ்க்கை வரலாற்றை இங்கே எடுத்துக் கொள்வோம். அது அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரீ (ரஹ்) அவர்களின் வரலாறு. பதினைந்து ஆண்டுகள் பிரஞ்சுப் படையை எதிர்த்து ஜிஹாது செய்த இந்த மாவீரர்தாம், பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களின் உயிரைத் தம் வீட்டு வாசலில் நின்று காத்தார்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று சிலர் எண்ணலாம். இரண்டும் ஒரே ஈமானிலிருந்து வந்தவை என்பதே நாம் அறிய வேண்டியது.

பிறப்பும் கல்வியும்

அமீரவர்கள் 1808-ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 1223) அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியில், மஸ்காரா நகருக்கு அருகிலுள்ள கைத்னா என்னும் சிற்றூரில் பிறந்தார்கள். தந்தையார் ஷைகு முஹ்யித்தீன் அவர்கள் காதிரிய்யா தரீக்காவின் ஷைகாக இருந்தவர்கள். அவர்களுடைய ஸாவியாவில் மாணவர்களும் முரீதுகளும் ஏழைகளும் வழிப்போக்கர்களும் எந்நேரமும் நிறைந்திருப்பார்கள். பசித்து வந்தவனிடம், நீ யார், எந்தக் கோத்திரம் என்று கேட்பதற்கு முன் உணவை வைப்பது அந்த இல்லத்தின் வழக்கம். இந்தச் சூழலில் வளர்ந்த பிள்ளை இளம் வயதிலேயே குர்ஆனை மனனம் செய்து, பிக்ஹும் ஹதீஸும் கற்று, குதிரையேற்றத்திலும் சிறந்து விளங்கினார்கள்.

தந்தையாருடன் ஹஜ்ஜுக்குச் சென்ற பயணம் அவர்களுக்கு உலகத்தைக் காட்டியது. கெய்ரோவையும் டமாஸ்கஸையும் பார்த்தார்கள். பக்தாதில் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரலி) அவர்களை ஸியாரத் செய்தார்கள். பலதரப்பட்ட முஸ்லிம்களும் முஸ்லிமல்லாதாரும் கலந்து வாழும் பெருநகரங்களை அந்த இளம் வயதில் கண்டது பின்னாளில் பயன்பட்டது.

இருபத்து நான்கு வயதில் பைஅத்

1830-ஆம் ஆண்டு பிரஞ்சுப் படை அல்ஜியர்ஸில் வந்திறங்கியது. துருக்கியரின் ஆட்சி சரிந்தது. நாட்டில் தலைமை இல்லை. கோத்திரங்கள் ஒன்றையொன்று கொள்ளையிட்டன. மேற்குப் பகுதி மக்கள் ஷைகு முஹ்யித்தீன் அவர்களிடம் வந்து தலைமை ஏற்கும்படி வேண்டினர். அவர்களோ தம் முதுமையைச் சொல்லி மகனைக் காட்டினார்கள். 1832 நவம்பரில் மஸ்காராவுக்கு அருகில் ஒரு மரத்தடியில் மக்கள் அப்துல் காதிர் அவர்களின் கரம் பற்றி பைஅத் செய்தனர். அப்போது அவர்களுக்கு வயது இருபத்து நான்கு. சுல்தான் என்ற பட்டத்தைவிட அமீர் என்ற பெயரையே அவர்கள் விரும்பினார்கள்.

படை திரட்டுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நாட்டை எட்டுப் பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கலீஃபாவை நியமித்தார்கள். காஜிகளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நாணயம் அடித்தார்கள். தாக்தெம்த் என்னுமிடத்தில் ஆயுதத் தொழிற்சாலை வைத்தார்கள். யூதர்கள் அவர்களுடைய வணிகத்திலும் தூதுப் பணிகளிலும் பங்கு கொண்டனர். தொழில் தெரிந்த ஐரோப்பியர்களும் அவர்களிடம் வேலை பார்த்தனர். வேலைக்குத் தகுதியும் நாணயமும் இருக்கின்றனவா என்பதே அவர்கள் பார்த்தது.

வரியில் நீதி

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. துருக்கியர் காலத்தில் அல்ஜீரியாவின் கோத்திரங்கள் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மக்ஸன் கோத்திரங்கள் என்பவை அரசின் சலுகை பெற்றவை. அவர்கள் பெரும்பாலான வரிகளைக் கட்ட வேண்டியதில்லை. மாறாக, மற்றக் கோத்திரங்களிடம் வரி வசூலிக்கும் அதிகாரமும் அவர்களுக்கே இருந்தது. மற்றவர்கள் ரஇய்யத் எனப்பட்டனர். அவர்கள் உழைத்துக் கொடுத்துக் கொண்டே இருக்க வேண்டியவர்கள். இரு தரப்பாரும் முஸ்லிம்களே. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்களே. ஆயினும் ஒருவன் வாங்குபவன், மற்றவன் கொடுப்பவன் என்ற நிலை தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது.

அமீரவர்கள் இதை ஒழித்தார்கள். ஷரீஅத் விதித்த ஸகாத்தும் உஷ்ரும் எல்லாருக்கும் ஒன்றே என்று ஆணையிட்டார்கள். உழுது களைத்த மக்கள் மகிழ்ந்தனர். சலுகை இழந்தவர்களோ பொருமினர். தவாயிர், ஸ்மாலா என்னும் இரு பெரும் மக்ஸன் கோத்திரங்கள் 1835-இல் பிரஞ்சுக்காரரின் பாதுகாப்பை நாடி அவர்கள் பக்கம் சென்றுவிட்டன. அதை ஒட்டியே போரும் மூண்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் மக்தா என்னுமிடத்தில் பிரஞ்சுப் படையை அமீரவர்கள் தோற்கடித்தார்கள்.

இதிலிருந்து அமீரவர்கள் கற்ற பாடம் பெரியது. நெடுங்காலம் மேலே இருந்தவனை மற்றவனோடு சமமாக நிறுத்தினால் அவன் அதை நீதி என்று எண்ணமாட்டான். தனக்கு அநீதி நேர்ந்துவிட்டது என்றே எண்ணுவான். அதற்காக நீதியை விட்டுவிட முடியாது. ஆனால் நீதியை அறிவித்துவிட்டுத் தூங்கிவிடவும் முடியாது. அதைக் காவல் காக்க வேண்டும். இதே நிலையை இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் டமாஸ்கஸில் அவர்கள் மீண்டும் காண வேண்டியிருந்தது.

அமீரவர்களின் ஆட்சியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். 1838-இல், திஜானிய்யா தரீக்காவின் ஷைகு தம்மை ஏற்கவில்லை என்பதற்காக, ஐன் மாழீ என்னும் பாலைவனக் கோட்டையூரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். ஊர் பணிந்தது. மதில் இடிக்கப்பட்டது. ஆனால் உள்ளங்கள் இணையவில்லை. பிரஞ்சுக்காரரோடு மீண்டும் போர் வந்தபோது அந்தத் தரீக்காவினர் அமீரவர்களுக்குத் துணை நிற்கவில்லை. முற்றுகையால் ஊரைப் பிடிக்கலாம், உள்ளத்தைப் பிடிக்க முடியாது என்பதற்கு அமீரவர்களின் சொந்த வாழ்க்கையே சாட்சியாகிவிட்டது.

கைதிகளும் பிஷப்பும்

1837-இல் தஃப்னா உடன்படிக்கை ஏற்பட்டது. அல்ஜீரியாவின் பெரும்பகுதி அமீரவர்களின் ஆட்சிக்குட்பட்டதெனப் பிரான்சு ஒப்புக் கொண்டது. 1839-இல் பிரஞ்சுப் படை அமீரவர்கள் தமதென உரிமை கோரிய பகுதியின் வழியே அணிவகுத்துச் சென்றது. உடன்படிக்கை முறிந்தது. அதன்பின் நடந்த போர் கொடியது. தளபதி பூஜோ விளைநிலங்களைக் கொளுத்தினார், மந்தைகளைப் பறித்தார். 1845 ஜூனில் தஹ்ரா மலைக் குகையில் ஒளிந்திருந்த ஆண், பெண், குழந்தைகள் நூற்றுக்கணக்கானோரைப் பிரஞ்சுப் படையினர் வாயிலில் தீ மூட்டிப் புகையால் கொன்றனர்.

இத்தகைய போருக்கு நடுவே அமீரவர்கள் கைதிகளை நடத்திய விதம் எதிரிகளையே வியக்கச் செய்தது. எதிரிச் சிப்பாயை உயிரோடு பிடித்து வருபவனுக்கு வெகுமதி உண்டென்றும், கைதியைத் துன்புறுத்தியவனுக்குத் தண்டனை உண்டென்றும் விதித்தார்கள். பெண் கைதிகளை அவர்களின் தாயார் ஸுஹ்ரா அம்மையார் தம் பொறுப்பில் வைத்துப் பராமரித்தார்கள். கைதிகளுக்கு உணவளிக்க வழியில்லாத நாளில் அவர்களைப் பட்டினி போடாமல் விடுவித்ததும் உண்டு.

அல்ஜியர்ஸின் பிஷப் துபூஷ் என்பவர் ஒரு கைதியின் மனைவி வந்து அழுததைக் கண்டு, அந்த ஒருவனை விடுவிக்க வேண்டி அமீரவர்களுக்குக் கடிதம் எழுதினார். அமீரவர்கள் அனுப்பிய பதில் பிஷப்பைச் சிந்திக்க வைத்தது. ஒருவனுக்காக மட்டும் ஏன் கேட்டீர், கிறிஸ்தவக் கைதிகள் அனைவருக்காகவும் கேட்டிருக்கலாமே, உங்கள் சிறைகளில் வாடும் முஸ்லிம்களுக்காகவும் கேட்டிருந்தால் உங்கள் சமயக் கடமை இன்னும் நிறைவாக இருந்திருக்குமே என்பது அப்பதிலின் கருத்து. 1841-இல் இரு தரப்புக் கைதிகளும் பரிமாறிக் கொள்ளப்பட்டனர். அந்த பிஷப், பின்னாளில் அமீரவர்கள் சிறையிலிருந்தபோது அவர்களுடைய விடுதலைக்காகப் புத்தகமே எழுதினார்.

ஒரு களங்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1846 ஏப்ரலில், அமீரவர்கள் வெகுதொலைவில் போர்க்களத்தில் இருந்தபோது, அவர்களுடைய முகாமில் வைக்கப்பட்டிருந்த பிரஞ்சுக் கைதிகள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். உணவுமில்லை, காவலுமில்லை என்ற நிலையில் அங்கிருந்தவர்கள் செய்த செயல் அது. தலைவன் நல்லவனாக இருப்பது மட்டும் போதாது. அவன் கண் மறைந்த இடத்திலும் அவன் கட்டளை நிற்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

முறிக்கப்பட்ட வாக்கு

1843 மே மாதம் அமீரவர்களின் நடமாடும் தலைநகரான ஸ்மாலா என்னும் கூடார நகரம் பிரஞ்சுக்காரர் கையில் சிக்கியது. பல்லாயிரம் மக்கள் வாழ்ந்த அந்நகரோடு, அவர்கள் அரும்பாடுபட்டுச் சேர்த்த கிதாபுகளும் சூறையாடப்பட்டன. மொராக்கோவும் கைவிட்டது. இனிப் போர் தொடர்ந்தால் அழிவது ஏழை மக்களே என்று கண்டு, 1847 டிசம்பர் 23 அன்று தளபதி லமோரிசியேரிடம் அமீரவர்கள் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ அவர்களை அனுப்பி வைப்பதாகத் தளபதி எழுத்தில் வாக்களித்தார். அரச குமாரரும் அதை உறுதிப்படுத்தினார்.

கப்பல் சென்றதோ பிரான்சின் தூலோன் துறைமுகத்திற்கு. பிறகு போ கோட்டை. பிறகு அம்புவாஸ் கோட்டை. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் சிறை. அவர்களுடன் வந்த குடும்பத்தாரும் தோழர்களும் குளிரிலும் நோயிலும் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். அம்புவாஸில் மட்டும் இருபத்தைந்து கப்ருகள் இருக்கின்றன. வாக்குக் கொடுத்த நாடு அதைக் காப்பாற்றவில்லை. பாதுகாப்புத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பிறகு கைவிடப்படுவது என்னவென்பதை அமீரவர்கள் தம் உடலாலும் தம் மக்களின் மரணத்தாலும் உணர்ந்தார்கள்.

அந்தச் சிறையிலும் அவர்கள் கிறிஸ்தவர்களை வெறுக்கக் கற்கவில்லை. பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் ஊர் மக்களும் வந்து சந்தித்தனர். அனைவரிடமும் கண்ணியமாகப் பேசினார்கள். தம்மை ஏமாற்றியவர்கள் அரசாங்கத்தார். தம் நோயாளிகளைப் பராமரித்தவர்களும் அதே சமயத்தார் என்று பிரித்துப் பார்த்தார்கள். 1852 அக்டோபரில் லூயி நெப்போலியன் நேரில் வந்து அவர்களை விடுதலை செய்தார். துருக்கியின் புர்ஸா நகரில் சில ஆண்டுகள் தங்கிவிட்டு, 1855-இல் அமீரவர்கள் டமாஸ்கஸ் வந்து குடியேறினார்கள்.

டமாஸ்கஸ் கொதித்த வரலாறு

டமாஸ்கஸில் அமீரவர்கள் உமையாப் பெரிய பள்ளியில் தர்ஸ் நடத்தினார்கள். அல்ஜீரியாவிலிருந்து ஹிஜ்ரத் செய்து வந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் அவர்களைச் சூழ்ந்து வாழ்ந்தனர். நகரின் மேற்பரப்பு அமைதியாகவே இருந்தது. அடியில் நெருப்பு கனன்று கொண்டிருந்தது.

அதன் காரணங்களைத் தெரிந்து கொள்ள வேண்டும். 1856-இல் உதுமானிய சுல்தான் ஒரு பிரகடனம் வெளியிட்டார். சமயம் எதுவாயினும் குடிமக்கள் அனைவரும் சமம் என்பது அதன் சாரம். ஜிஸ்யா நீங்கி, படைச்சேவைக்குப் பதிலான வரி வந்தது. அந்த வரியைக் கட்டக் கிறிஸ்தவர்கள் தயங்கினர். சமத்துவம் வந்த பின்பும் வரி மட்டும் கொடுக்க மாட்டார்களா என்று முஸ்லிம்கள் கேட்டனர். மறுபுறம், ஐரோப்பிய ஆலைத் துணிகள் வந்து குவிந்ததால் டமாஸ்கஸின் புகழ்பெற்ற தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நெசவாளி வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதே நேரத்தில் ஐரோப்பிய கான்சல்களின் பாதுகாப்புப் பெற்ற கிறிஸ்தவ வணிகர் சிலர் செழித்து வளர்ந்தனர். அவர்கள் சிலர்தாம். ஆனால் பசித்தவன் கண்ணுக்கு அந்தச் சமூகம் முழுவதுமே செழித்ததாகத் தெரிந்தது.

அல்ஜீரியாவில் மக்ஸன் கோத்திரங்களிடம் கண்ட அதே கசப்பை அமீரவர்கள் இங்கும் கண்டார்கள். பழைய உயர்வு போயிற்று. புதிய நீதி வேரூன்றவில்லை. சமத்துவத்தைக் காகிதத்தில் எழுதிய அரசு, அதைக் காக்கப் படையும் அனுப்பவில்லை. வேலை இழந்த நெசவாளிக்கு வழியும் காட்டவில்லை.

1860 மே மாதம் லெபனான் மலையில் துரூஸ்களுக்கும் மரோனைட் கிறிஸ்தவர்களுக்கும் சண்டை மூண்டது. ஊர்கள் எரிந்தன. ஜூனில் ஸஹ்லாவும் தைருல் கமரும் வீழ்ந்தன. தப்பிய அகதிகள் டமாஸ்கஸில் வந்து நிறைந்தனர். அமீரவர்கள் வரப்போவதை உணர்ந்தார்கள். துரூஸ் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆளுநர் அஹ்மது பாஷாவைச் சந்தித்து எச்சரித்தார்கள். பயம் வேண்டாம் என்ற பதிலே கிடைத்தது. அதை நம்பாமல், பிரஞ்சு கான்சல் அலுவலகத்தின் உதவியோடு தம் அல்ஜீரியர்களுக்கு ஆயுதம் வாங்கி வைத்தார்கள்.

ஜூலை 8 அன்று முஸ்லிம் சிறுவர் சிலர், கிறிஸ்தவர்கள் மிதித்து நடக்கட்டும் என்று தெருவில் சிலுவை அடையாளங்களை வரைந்து விளையாடினார்கள். அதிகாரிகள் அவர்களில் சிலரைப் பிடித்து, மறுநாள் விலங்கிட்டு அதே தெருவைப் பெருக்க வைத்தனர். அதைக் கண்ட கூட்டம் வெகுண்டது. கடைகள் மூடப்பட்டன. ஜூலை 9 அன்று (ஹிஜ்ரி 1276 துல்ஹஜ் மாதப் பிற்பகுதியில்) பாபு தூமா பகுதியிலுள்ள கிறிஸ்தவ மஹல்லாவுக்குள் கூட்டம் புகுந்தது.

அந்த எட்டு நாட்கள்

கலகம் எட்டு நாட்கள் நீடித்தது. வீடுகளும் மாதா கோயில்களும் கான்சல் அலுவலகங்களும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அரசாங்கச் சிப்பாய்கள் பலர் விலகி நின்றனர், சிலர் கொள்ளையிலும் சேர்ந்தனர். ஆளுநர் தம் மாளிகையை விட்டு வெளிவரவில்லை.

ஊருக்கு வெளியே சென்றிருந்த அமீரவர்கள் செய்தி கேட்டுத் திரும்பி வந்தார்கள். தம் ஆட்களைத் தெருத்தெருவாக அனுப்பினார்கள். தாமும் மக்களும் சந்துகளில் புகுந்து, எரியும் வீடுகளுக்கு முன் நின்று, கிறிஸ்தவர்களே வெளியே வாருங்கள், நாங்கள் உங்களைக் காக்க வந்தவர்கள் என்று அழைத்தார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஒருவர் இருவராக வெளிவந்தனர். பிரஞ்சு கான்சலும் கன்னியாஸ்திரீகளும் அவர்களிடமிருந்த குழந்தைகளும் அமாரா மஹல்லாவிலிருந்த அமீரவர்களின் வீட்டுக்குக் கொண்டு வரப்பட்டனர். வீடு நிறைந்தது. அக்கம்பக்கத்து அல்ஜீரியர் வீடுகளும் நிறைந்தன. இடமில்லாதபோது அகதிகளைக் கூட்டங்கூட்டமாகக் காவலோடு நகரக் கோட்டைக்கு அனுப்பினார்கள். கிறிஸ்தவர் ஒருவரை உயிருடன் கொண்டு வந்து சேர்ப்பவருக்குத் தலைக்கு ஐம்பது குரூஷ் தருவதாக அறிவித்துவிட்டு, வாசலில் பாய் விரித்து அமர்ந்து, அங்கேயே சிறிது கண்ணயர்ந்து, கையாலேயே பணம் எண்ணிக் கொடுத்தார்கள்.

கலகக்காரர் அவர்களுடைய வாசலுக்கே வந்து கிறிஸ்தவர்களை ஒப்படைக்கும்படி கேட்டனர். காபிர்களை எதிர்த்து ஜிஹாது செய்த நீரா இவர்களைக் காப்பது என்று வினவினர். அமீரவர்கள் வாளுடன் வெளிவந்து அவர்கள் முன் நின்றார்கள். என் நாட்டின் மீது படையெடுத்து வந்தவர்களோடுதான் நான் போரிட்டேன். இவர்கள் எந்த நாட்டின் மீது படையெடுத்தார்கள்? நிரபராதிகளைக் கொல்வதை எந்த மார்க்கம் அனுமதித்தது? என் ஆட்களில் ஒருவன் உயிரோடிருக்கும் வரை இவர்களில் ஒருவரைக்கூடத் தரமாட்டேன் என்ற கருத்தில் அவர்களைக் கடிந்தார்கள். கூட்டம் கலைந்தது.

அமீரவர்கள் மட்டுமல்ல, வேறு நல்லவர்களும் இருந்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆலிம்கள் சிலர் தம் வீடுகளில் கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தனர். மைதான் என்னும் புறநகரில் முஸ்லிம் பிரமுகர்கள் தம் மஹல்லாவின் கிறிஸ்தவர்களைத் தாமே காத்தனர். ஆகவே கலகம் செய்தது டமாஸ்கஸின் முஸ்லிம்கள் என்று சொல்வதும் தவறு, காத்தது ஒருவர் மட்டுமே என்று சொல்வதும் தவறு. அமீரவர்களால் காக்கப்பட்டவர்கள் பன்னிரண்டாயிரம் பேருக்கும் மேல் என்று கணக்கிட்டவர்கள் உண்டு.

விலை கொடுத்தவர் யார்?

கலகத்தின் விளைவைப் பாருங்கள். கிறிஸ்தவர்களை அழித்தால் பழைய உயர்வு திரும்பும் என்று எண்ணியவர்களுக்கு என்ன கிடைத்தது? ஜூலை இறுதியில் சுல்தானின் மந்திரி புவாது பாஷா படையுடன் வந்தார். நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கடமை தவறிய ஆளுநர் அஹ்மது பாஷாவும் செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகர மக்கள் மீது பெரும் அபராத வரி விழுந்தது. கிறிஸ்தவர்களைக் காக்க வந்தோம் என்று சொல்லி ஆகஸ்டில் 6,000 பிரஞ்சுச் சிப்பாய்கள் பெய்ரூட்டில் வந்திறங்கினர். அல்ஜீரியாவை விழுங்கிய அதே படை இப்போது ஷாம் நாட்டின் கரையில்! அண்டை வீட்டாரின் கதவை உடைத்தவர்கள் தம் நாட்டின் கதவையே அந்நியனுக்குத் திறந்து விட்டார்கள்.

லெபனான் மலைக்கு 1861-இல் புதிய அமைப்பு ஏற்பட்டது. வெளியிலிருந்து வரும் உதுமானியக் கிறிஸ்தவர் ஒருவர் ஆளுநர். அவருக்குத் துணையாகப் பன்னிரண்டு பேர் கொண்ட சபை. 1864-இல் திருத்தப்பட்டபடி அதில் மரோனைட்டுகள் 4, துரூஸ்கள் 3, கிரேக்க வைதீகர் 2, கிரேக்கக் கத்தோலிக்கர் 1, சுன்னிகள் 1, ஷீஆக்கள் 1 என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் இடம் தரப்பட்டது. ஐரோப்பிய வல்லரசுகளின் கண்காணிப்பில் வந்த ஏற்பாடு அது. ஆட்களைச் சமயம் பார்த்து எண்ணி வைப்பதில் குறைகளும் உண்டு. ஆயினும் ஒவ்வொருவருக்கும் பேச ஓர் இடமும், முறையிட ஒரு நீதிமன்றமும், காக்க ஒரு காவல்படையும் இருந்ததால், முதல் உலகப் போர் வரை, ஐம்பதாண்டுக் காலம், அம்மலையில் பெரும் கலகம் எழவில்லை. முன்பே இவற்றைச் செய்திருந்தால் இத்தனை உயிர்கள் போயிருக்காதே!

இறுதிக் காலம்

அமீரவர்களுக்குப் பிரான்சும் ரஷ்யாவும் உதுமானிய சுல்தானும் போப் ஒன்பதாம் பியூஸும் விருதுகள் அனுப்பினர். ரஷ்யாவை எதிர்த்து நெடுங்காலம் ஜிஹாது செய்து, அப்போது அந்நாட்டில் சிறையிருந்த காக்கஸ் வீரர் இமாம் ஷாமில் அவர்களும் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அமீரவர்களோ, அல்ஜியர்ஸின் புதிய பிஷப்புக்கு எழுதிய பதிலில், தாம் செய்தது ஷரீஅத்தும் மனித உரிமையும் விதித்த கடமையே என்ற கருத்தைத் தெரிவித்தார்கள்.

பிரான்சின் உதவித்தொகையைப் பெற்றதற்காகவும், 1871-இல் அல்ஜீரியாவில் எழுந்த கிளர்ச்சிக்குத் துணை நிற்காததற்காகவும் அவர்களைக் குறை கூறுவோர் உண்டு. கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்பதே அவர்களுடைய நிலை. தமக்குக் கொடுத்த வாக்கை மீறியவர்களிடமும் அவர்கள் தம் வாக்கைக் காத்தார்கள்.

1863-இல் மீண்டும் ஹரமைன் ஷரீபைன் சென்று நெடுநாள் தங்கினார்கள். மக்காவில் ஷைகு முஹம்மது பாஸி (ரஹ்) அவர்களிடம் ஷாதுலிய்யா தரீக்காவைப் பெற்றார்கள். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் பரவியுள்ள பாஸிய்யத்துஷ் ஷாதுலிய்யா இந்த ஷைகு அவர்கள் வழியே வந்ததுதான். 1883 மே 26 அன்று (ஹிஜ்ரி 1300 ரஜப் 19) டமாஸ்கஸில் அமீரவர்கள் வபாத்தானார்கள். இப்னு அரபீ (ரஹ்) அவர்களின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்கள். அல்ஜீரியா விடுதலை பெற்ற பின், 1966-இல் அவர்களுடைய உடல் தாயகம் கொண்டு செல்லப்பட்டது.

நாம் பெறும் படிப்பினை

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதியிலிருந்து நம்மைப் பிறழச் செய்யக் கூடாது என்பது திருமறையின் போதனை. அமீரவர்கள் அதைக் கிதாபில் மட்டும் படித்தவர்கள் அல்லர். தம் மக்களைக் குகையில் புகையிட்டுக் கொன்றவர்களின் சமயத்தார் தம் வீட்டு வாசலில் நடுங்கி நின்றபோது, அந்தக் கணக்கை இவர்களிடம் தீர்க்கவில்லை. நம்மோடு வாழ்பவரின் உயிரும் மானமும் பொருளும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றே கண்டார்கள். அந்த அமானிதம் காக்கப்படும் நாடே நிலைத்து நிற்கும். அது முறிந்தால், பெரும்பான்மை எத்தனை பெரிதாயினும் அந்த நாட்டின் அஸ்திவாரம் ஆட்டம் கண்டுவிடும்.

பெற்றோர்களே, இன்னொன்றையும் சிந்தியுங்கள். ஒரு மாநகரையே எரித்த அந்தக் கலகம் சிறுவர்களின் விளையாட்டில் தொடங்கியது. பிறர் புனிதமாகக் கருதுவதைக் காலடியில் வரையலாம் என்று அச்சிறுவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? மத்ரஸாவிலா கற்றார்கள்? இல்லை. வீட்டில் பெரியவர்கள் பேசிய பேச்சில் கற்றார்கள். நாம் உணவு விரிப்பில் அமர்ந்து அண்டை அயலாரைப் பற்றிப் பேசும் பேச்சைப் பிள்ளைகள் கேட்டுக் கொண்டுதான் இருக்கிறார்கள். கைத்னாவின் ஸாவியாவில், வந்தவன் யாரென்று கேட்காமல் உணவு வைக்கப்பட்டதைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளை டமாஸ்கஸில் என்ன செய்தது என்பதையும் பார்த்தோம்.

வல்ல அல்லாஹ் அமீரவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! அமானிதத்தைக் காக்கும் இல்லங்களாக நம் இல்லங்களையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.